கடலை மாவில் ஓர் இத்தாலியப் பலகாரம்: கோதுமை ஆகாதவரும் சேர்ந்து உண்ணும் விருந்துக்கான கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நிச்சயதார்த்தம், வளைகாப்பு, கோயில் பூசை ஆகியவற்றுக்குச் சமைத்துக் கொடுப்பது என் தொழில். என் தங்கை மகனுக்கு, குளூட்டன் என்னும் கோதுமைப் புரதத்தை உண்டால் குடல் கெடும் சீலியாக் நோய் இருப்பது தெரிந்த நாள் முதல், குளூட்டன் சேராத பலகாரங்களைத் தேடித் தேடிக் கற்று வருகிறேன். அவற்றுள் ஃபரினாட்டா என்னும் இத்தாலியப் பலகாரத்தைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தார்கள். வந்த கேள்விகளை ஊர்ப்பெயரோடு தந்து பதில் எழுதியிருக்கிறேன்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அக்கா, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு முப்பது பேர் வருகிறார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குக் கோதுமை ஆகாது. சாப்பாட்டுக்கு முன் கொடுப்பதற்கு இத்தாலிய வகையில் எளிதாக ஏதாவது சொல்லுங்கள். அவருக்கு மட்டும் தனியாக ஒன்று செய்து வைத்தால் போதுமா?

தனியாகச் செய்ய வேண்டாம், தங்கச்சி. சம்பந்தி அம்மாளின் தட்டு மட்டும் வேறாக இருந்தால், அவர் சபையில் ஒதுங்கி உட்கார்ந்து உண்பது போல் ஆகிவிடும். இயல்பிலேயே கோதுமை இல்லாத ஒரு பலகாரத்தை எல்லாருக்கும் கொடுங்கள். அதற்கு ஃபரினாட்டாவைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு என்னும் நான்கே பொருள்கள். இது வடமேற்கு இத்தாலியில் ஜெனோவா நகரைச் சுற்றியுள்ள லிகூரியாவின் பலகாரம். 1284இல் மெலோரியா கடற்போரில் பீசா நகரத்தாரை வென்று திரும்பிய ஜெனோவாக் கப்பல்கள் புயலில் சிக்கியபோது, எண்ணெய்ப் பீப்பாயும் கடலை மாவு மூட்டையும் கவிழ்ந்து உப்புநீரில் கலந்ததாகவும், அதை வெயிலில் காயவைத்து உண்ட மாலுமிகள் அதன் சுவையைக் கண்டதாகவும் அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதையாகவே எடுத்துக்கொண்டாலும், கடலை மாவை வைத்துக்கொண்டு நாம் சில்லி பைட்ஸ் என்னும் காரப் பக்கோடா சுடுவது போல அவர்கள் இதைச் சுடுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

முப்பது பேருக்கு ஆளுக்கு இரண்டு துண்டு என்று கணக்கு வைத்துச் சொல்கிறேன். அரைக்கிலோ கடலை மாவைச் சலித்து, மூன்று மட்டமான தேக்கரண்டி உப்பும் சேர்த்து, 1.4 லிட்டர் தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்துக்கொள்ளுங்கள். தோசை மாவைப் போல் இருந்தால் அது தவறு, பால் போல் ஓட வேண்டும். மூடி வைத்து, குறைந்தது நான்கு மணி நேரமாவது, முடிந்தால் இரவு முழுவதும், ஊறவிடுங்கள். மேலே மஞ்சள் நுரை திரண்டு நிற்கும். அதை அரிகரண்டியால் எடுத்துவிட்டுக் கலக்குங்கள். முப்பது சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டுகள் நான்கு வேண்டும். ஒவ்வொன்றிலும் இரண்டரை மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் விட்டு, 240 டிகிரியில் சூடேறிய ஓவனில் ஐந்து நிமிடம் வைத்து, எண்ணெய் நன்றாகக் காய்ந்த பிறகு மாவை ஊற்றுங்கள். ஊற்றும்போது மரக்கரண்டியின் முதுகின்மேல் விழும்படி ஊற்றினால் சூடான எண்ணெய் கை மேல் தெறிக்காது. மாவு அரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கனத்தில் நிற்கும். எண்ணெய் மேலே மிதந்து வந்து சிறு சிறு தங்க வட்டங்களாகப் பரவும்; அதைக் கலக்கி மறைத்துவிடாதீர்கள், மேல் தோல் மொறுமொறுப்பாவது அதனால்தான். இருபது முதல் இருபத்தைந்து நிமிடத்தில் ஓரம் சுருங்கித் தட்டைவிட்டு விலகும், மேலே பழுப்புப் புள்ளிகள் தோன்றும். வெளியே எடுத்ததும் மிளகை நிறையத் தூளாக்கித் தூவி, பதினாறு துண்டாக வெட்டி, ஆறுவதற்குள் பரிமாறுங்கள்.

ஃபீனிக்ஸிலிருந்து: நான் செய்து பார்த்தேன். கரைத்த மாவை நாக்கில் வைத்தால் கசந்தது. சுட்ட பிறகும் நடுப்பகுதி களி போல் இருந்தது. எங்கே தவறினேன்?

பச்சைக் கடலை மாவு கசக்கத்தான் செய்யும். அதை ருசி பார்த்து உப்பைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. வெந்த பிறகுதான் அது தன் உண்மையான சுவைக்கு வரும். களியானதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: மாவைப் போதிய நேரம் ஊறவிடாதது, தட்டு சூடாவதற்கு முன் ஊற்றியது, கனமாக ஊற்றியது. மாவுத் துகள் நீரை முழுவதும் உறிஞ்ச நேரம் வேண்டும். உறிஞ்சாத மாவு தட்டின் அடியில் படிந்து அங்கே கெட்டியாகவும் மேலே நீர்த்தும் நிற்கும். ஊற்றும் வேளையில் அடியிலிருந்து மேலாக மறுபடி ஒரு முறை கலக்காவிட்டால் கடைசித் தட்டுக்குக் கஞ்சி போன்றதே மிஞ்சும். நடுவில் மென்மை இருப்பது குற்றமல்ல. கத்தியில் ஒட்டி இழுத்தால்தான் இன்னும் ஐந்து நிமிடம் தேவை என்று பொருள்.

டோங்காட்டிலிருந்து: நம் கடையில் கிடைக்கும் கடலை மாவும் இத்தாலிய மாவும் ஒன்றா? பொட்டலத்தில் குளூட்டன் இல்லை என்று எழுதியிருக்க வேண்டுமா?

இத்தாலியர் வெள்ளைக் கொண்டைக்கடலையை அரைக்கிறார்கள். நம் மாவு தோல் நீக்கிய கடலைப்பருப்பை அரைத்தது. இனம் ஒன்றுதான், வகை வேறு. நம் மாவு இன்னும் நயமாக இருப்பதால் நீர் சற்றுக் குறைவாகவே பிடிக்கும். அதனால்தான் அவர்கள் ஒன்றுக்கு மூன்று என்று ஊற்றும் இடத்தில் நான் கொஞ்சம் குறைத்துச் சொன்னேன்.

இரண்டாவது கேள்விக்கு ஆம் என்பதே என் பதில். கடலையில் குளூட்டன் இல்லை. ஆனால் அதே ஆலைக்கல்லில் காலையில் கோதுமையும் மாலையில் கடலையும் அரைத்தால் அந்த மாவை நம்ப முடியாது. தூக்கிக் கொட்டி விற்கும் மாவை, கடைக்காரர் எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும், சீலியாக் உள்ளவருக்கு வாங்காதீர்கள். முத்திரையிட்ட பொட்டலமாக, குளூட்டன் அற்றது என்று அச்சிட்டதாக வாங்குங்கள். ஃபரினாட்டா என்று பெயரிட்டு விற்பதை எல்லாம் நம்பவும் வேண்டாம்: லிகூரியாவிலேயே சவோனா நகரில் வெள்ளை ஃபரினாட்டா என்று ஒன்று உண்டு, அது கோதுமை மாவில் செய்வது.

மீண்டும் டோங்காட், இன்னொரு சகோதரி: நம் வாய்க்குப் பிடிக்கும்படி பச்சை மிளகாய், பெருங்காயம் சேர்க்கலாமா?

மிளகாயும் வெங்காயமும் தாராளமாகச் சேருங்கள். இத்தாலியரே மெல்லிய வெங்காயத்தையும் ரோஸ்மேரி இலையையும் தூவிச் சுடுகிறார்கள். பெருங்காயத்தைப் பற்றி மட்டும் நான் பட்டதைச் சொல்லியாக வேண்டும். தங்கை மகனுக்கு நோய் தெரிந்த பிறகு வந்த முதல் தீபாவளியில், கோதுமை மாவு டப்பாவையே வீட்டைவிட்டு வெளியேற்றி, புதுச் சட்டி வாங்கி, அவனுக்கென்றே எல்லாம் சுட்டேன். கடலை மாவில் பழக்க தோஷமாக ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தூள் போட்டேன். அன்று இரவே வயிறு உப்பி, இரண்டு நாள் அந்தப் பிள்ளை எழுந்திருக்கவில்லை. மூன்றாம் நாள் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் படித்தபோது, பெருங்காய டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் கோதுமை மாவு என்று இருந்தது. கூட்டுப் பெருங்காயம் பெரும்பாலும் மாவு சேர்த்தே செய்யப்படுகிறது. அரிசி மாவில் கட்டியதும் கிடைக்கிறது. அது கிடைக்காவிட்டால் பெருங்காயமே வேண்டாம். பல ஆண்டுகள் சமைத்த கை என்ற நம்பிக்கையில் அன்று நான் டப்பாவைப் படிக்காமல் விட்டதை இன்றும் மறக்கவில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: சீலியாக் உள்ள எங்கள் அண்ணி ஒரு நாள் ஒரு வாய் ரொட்டி சாப்பிட்டால் என்ன ஆகிவிடும் என்று மாமியார் கேட்கிறார். பெரியவர்களுக்கு எப்படி விளக்குவது?

இது ஒவ்வாத உணவைப் பற்றிய செல்லமோ நாகரிகமோ அல்ல என்பதை முதலில் சொல்லுங்கள். சீலியாக் உள்ளவர் குளூட்டனை உண்டால் அவர் உடலின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து மழுங்கிவிடுகின்றன. வலி தெரியாவிட்டாலும் சேதம் நடக்கும். இதைக் கண்டறிந்த வரலாற்றைச் சொன்னால் பெரியவர்கள் காது கொடுத்துக் கேட்பார்கள். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கோதுமையின்மேல் ஐயம் கொண்டிருந்தார். 1944, 45 குளிர்காலத்துப் பஞ்சத்தில் ரொட்டி அரிதானபோது அந்நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி நலிந்தார்கள். அவர் 1950இல் தம் ஆய்வேட்டை வெளியிட்டார். ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் குளூட்டன் அற்றது என்று சொல்லக் கூடாது என்பது உலக உணவு நெறித் தொகுப்பான கோடெக்ஸின் அளவு. ஒரு ரொட்டித் துணுக்கு எவ்வளவு பெரிய பொருள் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஆகவே விருந்தில் மேசையைப் பாருங்கள். ரொட்டிக்குள் குழம்பு நிரப்பிய பன்னி சௌவைப் பிய்த்த கையால் ஃபரினாட்டாவை எடுத்தால் பட்ட பாடெல்லாம் வீண். தனி மேசை, தனி இடுக்கி, கோதுமை படாத வெட்டுக்கத்தி ஆகியவற்றை வையுங்கள். மரப்பலகையும் கீறல் விழுந்த பழைய தட்டும் மாவை உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

லெனேசியாவிலிருந்து: புரட்டாசி விரதத்தில் வீட்டில் சைவம்தான். இதன்மேல் பார்மெசான் சீஸ் துருவலாமா?

ஃபரினாட்டா முட்டையும் பாலும் இல்லாதது, எனவே விரதத்துக்கு முற்றிலும் உகந்தது. பார்மிஜானோ ரெஜானோ என்ற அசல் சீஸ் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைய வைக்கப்படுவது. ஆகவே புரட்டாசியில் அது வேண்டாம். சீஸ் இல்லாமலே ருசி குறையாது. தக்காளியைப் பொடியாக நறுக்கி, உப்பும் துளசியின் உறவான பேசில் இலையும் ஆலிவ் எண்ணெயும் கலந்து, தனிக் கிண்ணத்தில் வைத்துப் பரிமாறும்போது மட்டும் மேலே வைத்தால், ரொட்டியில் செய்யும் புரூஸ்கெட்டாவின் இன்பம் முழுவதும் இதில் கிடைக்கும். முன்கூட்டியே வைத்துவிட்டால் ஊறிப்போகும்.

போர்ட் எலிசபெத்திலிருந்து: வீட்டில் மீலி மீல் என்னும் மக்காச்சோள மாவு மூட்டையாக இருக்கிறது. அதில் இத்தாலியப் பலகாரம் எதுவும் வராதா?

வரும், அழகாக வரும். இத்தாலியரின் பொலெண்டா என்பது மக்காச்சோள மாவைக் கிண்டிய களிதான். மஞ்சள் மாவே பரவலாக இருந்தாலும், வெனிஸைச் சுற்றிய வெனெட்டோ பகுதியில் வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டி மீனோடு உண்பது வழக்கம். ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சிய கைக்கு இதில் கற்க வேண்டியது அதிகமில்லை. கால் கிலோ மீலி மீலை ஒரு லிட்டர் கொதிநீரில் உப்போடு தூவி, மெல்லிய தீயில் நாற்பது நிமிடம் கிண்டி, எண்ணெய் தடவிய தட்டில் விரல் கனத்துக்குப் பரப்பி ஆறவிட்டு, சதுரமாக வெட்டி, வார்ப்பிரும்புக் கல்லில் இருபுறமும் கோடு விழச் சுட்டெடுங்கள். நயமானதைவிடக் கொரகொரப்பான மாவு நன்றாக நிற்கும். மேலே வதக்கிய காளானோ மிளகாயிட்ட தக்காளியோ வைக்கலாம். மீலி மீல் பொட்டலத்தையும் மறக்காமல் படியுங்கள்.

கடைசியாக, உம்லாங்காவிலிருந்து: விருந்து நாளில் மின்சாரம் போய்விட்டால்? முந்தின நாளே சுட்டு வைக்கலாமா?

மாவை முந்தின இரவே கரைப்பது எப்படியும் தேவை என்பதால் பாதி வேலை அப்போதே முடிந்துவிடும். மின்சாரம் இல்லாவிட்டால் கேஸ் அடுப்பில் கனமான வார்ப்பிரும்புச் சட்டியில் எண்ணெய் காய்ச்சி, மாவை மெல்லியதாக ஊற்றி, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் வைத்து, தட்டில் கவிழ்த்துத் திருப்பிப் போட்டு மேலும் ஐந்து நிமிடம் சுடுங்கள். மேல் தோல் ஓவனில் வந்தது போல் இருக்காது, ஆனால் உண்ணும்படி இருக்கும். காலையில் சுட்டு மாலையில் பரிமாறுவதானால், வெட்டாமல் முழுத் தட்டாகவே ஆறவைத்து, பரிமாறும் முன் 200 டிகிரி ஓவனில் ஐந்தாறு நிமிடம் சூடாக்கி அதன் பிறகு வெட்டுங்கள். மைக்ரோவேவில் வைத்தால் தோல் போல் இழுக்கும். எடுத்துச் செல்லும்போது மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். ஆவி அடைபட்டால் மொறுமொறுப்பு வழியிலேயே போய்விடும்.