கை தூக்கியவர்கள் எங்கே போனார்கள்?

அன்புள்ள அம்மா,

தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சின்ன சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் வாலிபர் கூட்டம் நடத்துகிறேன். வயது 27. உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். மே மாதம் மூன்று நாள் முகாம் போட்டோம். கடைசி ராத்திரி, "ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றதும் 34 பிள்ளைகள் அழுதுகொண்டே தூக்கினார்கள். எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் அந்தக் கணக்கைப் பெருமையாகச் சொன்னேன். இப்போது ஞாயிறு சாயங்காலம் 9 பேர் வந்தால் அதிகம். அவர்களும் போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அதைவிட உறுத்துவது இன்னொன்று. பிளஸ் ஒன் படிக்கிற ஒரு தம்பி, கூட்டத்தில் கீபோர்டு வாசிப்பவன். அவன் அப்பாவுக்குப் புற்றுநோய் வந்தபோது சபையே உபவாசமிருந்து ஜெபித்தது. பிப்ரவரியில் அவர் இறந்துவிட்டார். போன மாதம் வேதபாடத்தின் நடுவில், "அண்ணே, நாம ஜெபிச்சது யாருக்குக் கேட்டுச்சு?" என்றான். மற்றவர்கள் முன்னால் தடுமாறக் கூடாதே என்று, "விசுவாசம் குறைஞ்சா அப்படித்தான் தோணும்" என்று சொல்லிவிட்டேன். அன்றோடு கூட்டத்துக்கு வருவதில்லை. ஆராதனைக்கு வருகிறான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஐயர் ஆசீர்வாதம் கூறுமுன் எழுந்து போய்விடுகிறான். இந்தப் பிள்ளைகளை ஆவிக்குரிய வாழ்க்கையில் எப்படி வளர்ப்பது?

— ஒரு வாலிபர் தலைவர்

அன்புள்ள தம்பி,

அந்த 34 பேர் கொஞ்சம் காத்திருக்கட்டும். முதலில் இந்தப் பையன்.

எத்தனையோ பேர் இருக்க, அவன் உங்களிடம் வந்து கேட்டான். உங்களை நம்பித்தான் கேட்டான். உங்கள் பதில் அவன் காதில் எப்படி விழுந்திருக்கும் தெரியுமா? 'உனக்கு விசுவாசம் போதாது, அதனால்தான் அப்பா போய்விட்டார்' என்று. பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் ஏற்கெனவே ரகசியமாகத் தங்கள்மேல் பழி போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் அறியாமல் அதற்கு ஒரு முத்திரை குத்திவிட்டீர்கள்.

வேதத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து தவித்த யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள்தான். வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. கடைசியில் கர்த்தர் கோபப்பட்டதும் அவர்கள்மேல்தான், கேள்வி கேட்ட யோபுவின்மேல் இல்லை.

ஆகவே அவனிடம் விளக்கம் கொண்டுபோகாதீர்கள். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு தம்பி. உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல." இவ்வளவு போதும். கூடவே "கூட்டத்துக்கு வா" என்று சேர்த்துவிடாதீர்கள், மன்னிப்புக்கு விலை கேட்டது மாதிரி ஆகிவிடும். அவன் சம்மதித்தால் மற்ற பிள்ளைகள் முன்பும் இதையே ஒப்புக்கொள்ளுங்கள். என்றைக்காவது அவன் பேச விரும்பினால் 13-ம் சங்கீதத்தைச் சேர்ந்து வாசியுங்கள். 'எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்' என்று கேட்பதும் வேதத்தில் ஜெபம்தான்.

ஒரு எச்சரிக்கை. தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் இரண்டு வாரத்துக்கு மேல் குலைந்து கிடந்தாலோ, 'வாழ்ந்து என்ன' என்கிற மாதிரிப் பேசினாலோ ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள். அவன் அம்மாவிடம் சொல்லி மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மனஸ் எண் 14416, இலவசம்.

இனி உங்கள் 34. மூன்று நாள் தூக்கக் குறைவு, பாட்டு, பக்கத்தில் அழுகிற சிநேகிதி... கை தானாக எழும். அந்தக் கண்ணீர் பொய் என்று சொல்லமாட்டேன். ஆனால் அது கூட்டத்தின் உணர்ச்சி, தனியாக வீட்டுக்கு வந்ததும் வடிந்துவிடும். விசுவாச வளர்ச்சியை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபௌலர் 1981-ல் எழுதியதும் இதை ஒட்டித்தான்: பதின்வயதில் விசுவாசம் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களிடமிருந்து வாங்கியதாக இருக்கும், பிறகுதான் பலர் அதைத் தட்டிப் பார்த்துத் தனதாக்கிக்கொள்வார்கள். தட்டிப் பார்க்கிற சத்தம் நமக்குப் பின்மாற்றம் போல, விசுவாசத்தை விட்டு விலகுவது போலக் கேட்கிறது. பன்னிரண்டு வயது இயேசுவும் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே கேள்வி கேட்டுக்கொண்டுதானே இருந்தார்?

அந்த 9 பேரோடு கூட்டத்தில் கால் மணி நேரம் கேள்விகளுக்கு ஒதுக்குங்கள், உங்கள் சந்தேகம் ஒன்றையும் சொல்லுங்கள். படுக்கையில் கிடக்கும் தாத்தா பாட்டிகளைப் பார்க்கப் போகும்போது இரண்டு பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். போன் தானாகப் பைக்குள் போகும், எனக்கு நம்பிக்கை உண்டு. கணக்கு எழுதுகிற கை உங்களுடையது, எண்ணாமல் இருப்பது கஷ்டம்தான்!

இந்த ஞாயிறு ஆசீர்வாதத்துக்குக் காத்திராமல் நீங்களும் எழுந்துபோய் கோவில் வாசலில் நில்லுங்கள். அவன் அந்த வழியாகத்தானே போகவேண்டும்.