பார் தேர்வுக்கு யாரிடம் படிப்பது? (கடிதம்)

அன்புள்ள ஆச்சி,

தேவகோட்டையில் ஒரு சீனியர் வக்கீலிடம் ஜூனியராக இருக்கிறேன். வக்கீலாகத் தொடர்ந்து தொழில் செய்யத் தேற வேண்டிய அகில இந்திய பார் தேர்வில் போன முறை தேறவில்லை. விடைக்குறிப்பை வைத்துக் கூட்டினால் நூற்றுக்கு 41 வருகிறது. எனக்கு 45 வேண்டும். மதுரையில் ஒரு பயிற்சி மையம் 'தேறாவிட்டால் பணம் வாபஸ்' என்கிறது. அப்பச்சிக்கு அதில்தான் நம்பிக்கை. காரைக்குடியில் ஓய்வுபெற்ற சட்டப் பேராசிரியர் ஒருவர் வீட்டிலேயே சொல்லித்தருகிறார். சீனியரோ, "இதுக்கெல்லாமா ட்யூஷன்?" என்கிறார். யாரிடம் போவது?

உமையாள்

அன்புள்ள உமையாள்,

சீனியர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. குறிப்பு எழுதாத பேர் ஆக்டை, அதாவது சட்டத்தின் வாசகம் மட்டும் உள்ள புத்தகத்தை, உள்ளே கொண்டுபோகலாம். அப்படியும் ஏன் கோட்டை விடுகிறார்கள்? 100 கேள்விக்கு மூன்றரை மணி நேரம், அதாவது ஒன்றுக்கு இரண்டே நிமிடம். எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று கை பழகாதவர் புரட்டியே நேரத்தைத் தொலைப்பார். நன்றாகப் பேசுகிற ஆசிரியர் இதற்கு உதவமாட்டார். புத்தகத்தைக் கையில் கொடுத்து, நேரம் வைத்துத் தேடச்சொல்கிறவர்தான் வேண்டும்.

யாரையும் பார்க்கப் போவதற்கு முன், பழைய வினாத்தாள் ஒன்றை வீட்டில் எழுதிப் பாருங்கள். பாடம் 19 என்றாலும் எடை ஒன்றல்ல. அரசியலமைப்பு, உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை தலா 10 கேள்வி. தண்டனைச் சட்டம், சாட்சியம், குடும்பச் சட்டம், ஒப்பந்தமும் சொத்தும் சேர்ந்த பகுதி தலா 8. இந்த ஏழிலேயே 62 வந்துவிடுகிறது. 19க்கும் சமமாக நாள் பிரிக்கிறவர் உங்களுக்கு ஆகமாட்டார்.

அந்த விடைத்தாளைப் பேராசிரியரிடம் நீட்டுங்கள். தப்பான விடையைக் காட்டி "இதை ஏம்மா போட்டே?" என்று கேட்டால் அவரிடமே சேர்ந்துவிடலாம். பார்க்காமலே மடித்து வைத்துவிட்டு, "முதல்ல இருந்து ஆரம்பிப்போம்" என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

இன்னொன்று. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறை, சாட்சியம் என்ற மூன்று குற்றவியல் சட்டங்களும் மாறிவிட்டன; பிரிவு எண்களும் புதியவை. ஓய்வுபெற்றவர் என்பதால் இதை மட்டும் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்: மோசடிக்கான பழைய 420-ஆம் பிரிவு இப்போது எங்கே? 318(4) என்று உடனே வராவிட்டால் குறையில்லை; புதிய புத்தகம் அவர் மேசையில் இருக்கிறதா என்று பாருங்கள். முன்ஜாமீனுக்கான பிரிவு 438 போய் 482 ஆனது உங்கள் சீனியர் ஆபீசிலேயே மனு தயாரிக்கும்போது மனதில் பதிந்திருக்குமே. அதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மதுரை எனக்குச் சரியாகப் படவில்லை. கோர்ட்டு வேலையையும் வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்வந்தால் படிக்கத் தெம்பு இருக்காது. அப்பச்சி விடவில்லையென்றால், எந்த நிபந்தனையில் பணம் திரும்பும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வக்கீல் வீட்டில் இதைக்கூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் எப்படி?

பார் கவுன்சிலில் வக்கீலாகத் தற்காலிகப் பதிவு செய்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தேற வேண்டும். உங்கள் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பேராசிரியருக்கு மொத்தமாகக் கொடுக்காமல் மாதக் கட்டணமாகப் பேசுங்கள். முதல் மாத முடிவில் இன்னொரு வினாத்தாள் எழுதிப் பார்த்துவிட்டு, அடுத்த மாதம் தொடரலாமா என்று முடிவு செய்யலாம்.