தாளிப்பு வாசமும் வெறும் வயிறும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ரமலானில் தினமும் நாலு மணிக்கு மேல் நான்தான் வீட்டில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறேன். இஞ்சி பூண்டு விழுது எண்ணெயில் விழுந்ததுமே எச்சில் ஊறுகிறது, கொஞ்ச நேரத்தில் வயிறு எரிகிறது. 'வாசம் பிடித்தாலே இன்சுலின் சுரந்துவிடும், அதுவரை பட்டினி கிடந்ததன் பலன் போச்சு' என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? உப்புப் பார்க்க நாக்கில் ஒரு சொட்டு வைப்பதும் அதே கணக்குதானா?

எம்.எஃப்.

அன்புள்ள எம்.எஃப்.,

மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பின் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

எரிச்சலுக்குக் காரணம் இருக்கிறது. வாசம் மூக்கில் ஏறியதும், மூளையிலிருந்து இரைப்பைக்கு இறங்கும் வேகஸ் நரம்பு வழியாக 'சாப்பாடு வரப்போகிறது' என்ற சேதி போய்விடுகிறது. அமிலம் சுரக்கத் தொடங்குகிறது. பாவ்லோவ் என்றால் நாயும் மணியும்தான் நமக்கு நினைவு வரும். ஆனால் 1904இல் அவருக்கு நோபல் கிடைத்தது செரிமான ஆராய்ச்சிக்காக. நாய் தின்ற இறைச்சி கழுத்தில் போட்ட துளை வழியே வெளியே விழுந்துவிடும்படி செய்தார். வயிற்றுக்கு ஒன்றுமே போகவில்லை, செரிநீர் மட்டும் சுரந்தது. வேகஸ் நரம்பை வெட்டியதும் அதுவும் நின்றது. வயிற்றில் சாப்பாடு இருந்தால் வரும் அமிலத்தை அது வாங்கிக்கொள்ளும். பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தண்ணீர்கூட இறங்காத வயிற்றில் கொஞ்சம் அமிலமே சுருக்கென்று தெரியும்.

ஆனால் நீங்கள் பயப்பட வேண்டியது அடுப்பைப் பார்த்து இல்லை. 1986இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களை உட்காரவைத்து அரை மணி நேரம் பிடித்த சாப்பாட்டைப் பற்றிப் பேசவிட்டார்கள். கண்ணில் காட்டவில்லை, மூக்கில் காட்டவில்லை. மென்று துப்பும்போது சுரக்கும் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வெறும் பேச்சிலேயே சுரந்தது! பார்ப்பதும் முகர்வதும் அதைவிடக் குறைவாகவே சுரக்கவைத்தன. பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பிறகு 'இன்னைக்கு சமோசாவா, வடையா' என்று கூடத்தில் நடக்கும் மாநாட்டையும் போனில் ஓடும் பிரியாணி ரீல்ஸையும் முதலில் நிறுத்துங்கள்.

இன்சுலின் விஷயத்துக்கு வருகிறேன். சாப்பாடு வாயில் பட்ட சில நிமிடங்களில் கொஞ்சம் இன்சுலின் முன்கூட்டியே சுரப்பது உண்டுதான். சாப்பிட்ட பின் சுரப்பதோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம், சீக்கிரமே அடங்கியும் விடும். வாசத்துக்கு மட்டும் அது எல்லோருக்கும் வருவதுமில்லை. 2007இல் பழ ஈக்களிலும் 2018இல் எலிகளிலும் செய்த ஆய்வுகளைச் சிலர் காட்டுவார்கள். அரைப்பட்டினியில் வைத்த ஈக்களுக்குக் கூடியிருந்த ஆயுள், ஈஸ்ட் வாசம் காட்டியதும் ஓரளவு குறைந்தது. எலிகளின் கல்லீரல் வாசத்திலேயே சாப்பாட்டுக்குத் தயாரானது. நல்ல ஆய்வுகள். ஆனால் எலி மூக்கால் வாழும் பிராணி. அதன் கணக்கை அப்படியே நம் அடுப்படிக்குக் கொண்டுவருவது அவசரம். உங்கள் பட்டினியின் பலன் எங்கும் போகவில்லை.

நாக்கில் வைத்துத் துப்பும் ஒரு சொட்டு பெரிய விஷயமில்லை. மெல்வதுதான் அமிலத்தைக் கிளப்பும். இருந்தாலும் அளந்து போட்டால் அதற்கும் தேவை வராது. 200 மி.லி. டம்ளரில் அரிசி 1, பாசிப்பருப்பு கால், தண்ணீர் 8 என்றால் தூள் உப்பு தலைதட்டி 2 டீஸ்பூன், சுமார் 12 கிராம். கல் உப்பை ஸ்பூனால் அளக்காதீர்கள். கல்லின் பருமனுக்குத் தக்கபடி எடை மாறும், தராசில் போடுங்கள்.

உங்களைப் படுத்துவது கஞ்சி இல்லை, தாளிப்பு. காய்ந்த எண்ணெயின் சூடு 100 டிகிரியைத் தாண்டிப் போகும்; பட்டை, கிராம்பு, பூண்டு வாசமெல்லாம் அதில்தான் கிளம்பி வீடு முழுக்கப் பரவுகிறது. வெங்காயம், தக்காளி, விழுது எல்லாவற்றையும் பசி ஏறாத காலையிலேயே வதக்கி ஆறவைத்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். சாயங்காலம் அரிசி, பருப்போடு சேர்த்துக் கொதிக்கவிடுவது மட்டுமே வேலை. குக்கர் என்றால் வெயிட்டைத் தூக்கி ஆவியை விடாதீர்கள், தானே அடங்கட்டும். இன்னொன்று, மூக்கு சில நிமிடங்களில் ஒரு வாசத்துக்குப் பழகி அதை விட்டுவிடும். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தால் ஒவ்வொரு முறையும் அது புதிதாக ஏறும். அதனால் ஒரே மூச்சில் முடித்துவிட்டு வெளியே வாருங்கள்.

சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு நாலு மணிக்கு மேல் கை நடுங்கி வேர்த்தால் வாசத்தின் மேல் பழி போட வேண்டாம். உடனே சோதியுங்கள், 70க்குக் கீழே இருந்தால் அந்த நிமிடமே நோன்பை முறித்துச் சர்க்கரை சாப்பிட வேண்டும்.

எரிச்சலோடு மலம் கறுத்துப் போனாலோ வாந்தியில் ரத்தம் வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள். அதெல்லாம் இல்லை, மஃரிபில் (சூரியன் மறைந்ததும்) நோன்பு திறந்த பிறகு மட்டும் எரிச்சல் கூடுகிறது என்றால் வரிசையை மாற்றிப் பாருங்கள்: பேரீச்சம்பழம், தண்ணீர், பிறகு கஞ்சி. எலுமிச்சை ஜூஸும் வடையும் தொழுதுவிட்டு வந்த பிறகு.