வெட்டு நீளம்

அன்புள்ள ஐயா,

வீட்டுக் குழாய் வேலை பற்றி நீங்கள் எழுதும் குறிப்புகளை விடாமல் வாசிக்கிறேன். எனக்கு வயது 26, மன்னார்குடிப் பக்கம். பிளஸ் டூ முடித்ததும் ஒரு பிளம்பர் அண்ணனிடம் ஹெல்பராகச் சேர்ந்தேன். இப்போது ஏழு வருஷம் ஆகிறது, தனியாகவே வேலை எடுக்கிறேன். பாத்ரூம், மாடித் தொட்டி, செப்டிக் டேங்க் லைன் எல்லாம் செய்வேன். சிங்கப்பூரில் இருக்கும் மாமா பையன், "பைப் ஃபிட்டரா வந்துடு, பத்து வருஷத்துல ஃபோர்மேன் ஆகிடலாம்" என்கிறான். ஏஜென்ட் மூன்றரை லட்சம் கேட்கிறார். நகையை வைத்துக் கட்டிவிடலாம் என்கிறார் அம்மா. என் ஏழு வருஷம் அங்கே கணக்கில் வருமா? ஹெல்பராக நுழைந்தவர் ஃபோர்மேன் ஆவது உண்மையில் எப்படி? இங்கேயே இருந்து ஏற வழி உண்டா?

க., மன்னார்குடி

அன்புள்ள தம்பி,

பாதி வரும். எந்தப் பாதி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

பிளம்பரும் பைப் ஃபிட்டரும் ஒரே வேலைக்கு இரண்டு பெயர் என்று ஊரில் நினைக்கிறார்கள். சிங்கப்பூரின் கட்டுமான ஆணையமான பி.சி.ஏ. நடத்தும் திறன் தேர்வில்கூட இவை இரண்டும் தனித்தனிப் பிரிவுகள். பிளம்பர் சுவரில் வைத்துப் பார்த்து, பென்சிலால் கோடு போட்டு வெட்டுகிறார். அரை இன்ச் குறைந்தால் ஒரு கப்ளிங் போட்டு ஒட்டிவிடலாம், நஷ்டம் சில ரூபாய். பைப் ஃபிட்டருக்குச் சுவரே கண்ணில் படாது. கையில் ஐசோமெட்ரிக் படம் (லைனை முப்பரிமாணமாகக் காட்டும் கோட்டுப்படம்) ஒன்றுதான் இருக்கும். அதைப் பார்த்து பட்டறையில் ஸ்பூல் (வளைவு, இணைப்பெல்லாம் சேர்த்து வெல்ட் செய்த பைப் பகுதி) செய்ய வேண்டும். அந்த ஸ்பூல் லாரியில் போய், கிரேனில் ஏறி, ஏற்கெனவே நிற்கும் பம்பின் ஃபிளாஞ்சோடு (போல்ட் போட்டு இணைக்கும் வட்டத் தகடு) பொருந்தியாக வேண்டும். அங்கே கப்ளிங்குக்கு வழி கிடையாது. 10 மி.மீ. குறைந்தாலும் வெல்டை வெட்டி, மறுபடி சாய்வு கடைந்து, மறுபடி வெல்ட் போட்டு, மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

ஆகவே படம் பார்த்து வெட்டு நீளத்தைக் காகிதத்திலேயே சொல்லத் தெரிந்த நாளில்தான் ஹெல்பர் ஃபிட்டர் ஆகிறார். நால்வருக்கு அந்த அளவைக் கொடுத்து வேலையைப் பிரித்துவிடுபவர் சார்ஜ்ஹேண்ட். நாளைக்கு எந்த ஸ்பூல், எத்தனை எல்போ (வளைவுத் துண்டு), எத்தனை கேஸ்கட், கிரேன் எத்தனை மணிக்கு என்பதை இன்றைக்கே எழுதி வைப்பவர் ஃபோர்மேன். மாமா பையன் சொல்லும் பத்து வருஷம் தானாக யாரையும் ஏற்றிவிடாது. பதினைந்து வருஷமாக கிரைண்டரும் கையுமாகவே நிற்பவர்களும் அந்தத் தளங்களில் இருக்கிறார்கள்.

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. 4 இன்ச் ஸ்டீல் லைன், இரு பக்கமும் லாங் ரேடியஸ் 90 டிகிரி எல்போ, சென்டர் டு சென்டர் 2000 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். லாங் ரேடியஸ் எல்போவின் மையத்திலிருந்து முனைவரை பைப் அளவின் ஒன்றரை மடங்கு. 4 இன்ச்சுக்கு 152 மி.மீ. இரண்டுக்கும் 304. வெல்ட் கேப் (வெல்ட் நிரம்ப விடும் இடைவெளி) பக்கத்துக்கு 3 வீதம் 6. வெட்டு நீளம் 1690. புதிதாக வருபவர்கள் மறப்பது அந்த 6 மி.மீ.யைத்தான். ஒரு ஸ்பூலில் ஆறு ஜாயின்ட் இருந்தால் 18 மி.மீ. நீண்டுவிடும்.

அடுத்தது ஆஃப்செட், அதாவது லைன் தடம் விலகிப் போவது. லைன் பக்கவாட்டில் 400, மேலே 300 நகர வேண்டும். கொத்தனார் மூலை பிடிக்கும் அதே 3-4-5தான் இங்கும்: உண்மையான ஆஃப்செட் 500. அதை 45 டிகிரியில் கடக்க 1.414-ஆல் பெருக்கினால் 707. 4 இன்ச் 45 டிகிரி எல்போவுக்கு 64 வீதம் 128-ஐயும் கேப்புக்கு 6-ஐயும் கழித்தால் 573. எட்டாம் வகுப்பில் கர்ணம் போட்டவர்கள்தான் எல்லோரும். ஆனாலும் பட்டறைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் படம் வரைந்து பார்த்து நேரம் தொலைக்கும் ஃபிட்டர்கள் நிறையப் பேர்.

அளவுச் சொற்களிலும் ஒரு குழி இருக்கிறது. நீங்கள் 4 இன்ச் என்று வாங்கும் பி.வி.சி. வடிகால் பைப்பின் வெளிவிட்டம் 110 மி.மீ. ஸ்டீலில் 4 இன்ச் என்றால் வெளிவிட்டம் 114.3. ஷெட்யூல் 40 என்றால் தடிமன் 6.02, ஷெட்யூல் 80 என்றால் 8.56; வெளிவிட்டம் மாறாது, உள்விட்டம்தான் சுருங்கும். இரண்டு ஷெட்யூலை நேராக இணைத்தால் உள்ளே படி விழும். உள்பக்க ஏற்றத்தாழ்வு ஒன்றரை மி.மீ.யைத் தாண்டினால் பொதுவாக ஜாயின்டை ஏற்க மாட்டார்கள்.

ஃபிளாஞ்சில் நடக்கும் தவறு இன்னும் வேடிக்கையானது. 4 இன்ச் 150 கிளாஸ் (அழுத்தத் தரம்) ஃபிளாஞ்சுக்கு 8 துளை. துளை ஒன்று உச்சியில் நிற்கக் கூடாது. மேலே உள்ள இரண்டு துளைகளும் ரசமட்டத்தில் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். உச்சியில் ஒன்றை வைத்து டேக் (தற்காலிகப் புள்ளி வெல்ட்) போட்டால் ஃபிளாஞ்ச் 22.5 டிகிரி திரும்பிப்போகும், வால்வின் கைப்பிடி தலை சாய்ந்து நிற்கும். முகம் செங்குத்தாக இருக்கிறதா என்பதை மூலமட்டம் வைத்துப் பாருங்கள். ஆலைப் பைப்புகளுக்கான பி31.3 விதி 200 மி.மீ.க்கு 1 மி.மீ. சாய்வுதான் அனுமதிக்கிறது. டேக் நான்கு இடத்தில், எதிரெதிராக. ஒரே பக்கமாக வெல்ட் ஓட்டினால் சூடு ஆறும்போது அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதன்பின் போல்ட்டை இறுக்கி நேராக்கப் பார்ப்பது பம்பின் பேரிங்குக்குச் செய்யும் துரோகம்.

இனி, உங்கள் ஏழு வருஷத்தில் எது செல்லும்? வாட்டம். 110 மி.மீ. வடிகாலுக்கு 40-க்கு 1 என்றால் 12 மீட்டருக்கு 300 மி.மீ. இறக்கம். நம் பக்கம் தெரு வடிகாலே மேடாக இருப்பதால் இந்த 300 கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறி சேம்பர் நிரம்பி வீட்டுக்குள் திரும்பும். களிமண் கோடையில் வெடித்து மழையில் ஊதும். மணல் மெத்தை போடாமல் புதைத்த பைப் ஜாயின்டில்தான் கழலும். இதையெல்லாம் பார்த்துச் சரிசெய்த கைக்கு சப்போர்ட், வாட்டம், காற்றுப் பூட்டு என்றால் என்னவென்று புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். சுவர் பூசுமுன் கை பம்ப் வைத்துத் தண்ணீரால் டெஸ்ட் எடுக்கும் பழக்கம் இருந்தால் அதுவும் செல்லும். அங்கே டிசைன் அழுத்தத்தின் ஒன்றரை மடங்கு ஏற்றி, குறைந்தது 10 நிமிஷம் நிறுத்தி, ஒவ்வொரு ஜாயின்டையும் பார்ப்பார்கள். (பிளாஸ்டிக் லைனைக் கம்ப்ரசர் காற்றால் டெஸ்ட் செய்யும் ஆளாக இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். தண்ணீரில் வெடித்தால் நனைவோம், காற்றில் வெடித்தால் சில்லு முகத்தில் ஏறும்.) சால்வன்ட் ஒட்டுவதும் டெஃப்லான் சுற்றுவதும் அங்கே பெரிதாக உதவாது.

இங்கேயே கற்க இடம் உண்டா என்றால், உண்டு: அரிசி ஆலைகள். புழுங்கல் அவிக்கும் ஆலையின் ஸ்டீம் லைன் நல்ல பள்ளிக்கூடம். 5 கிலோ அழுத்தத்தில் ஆவி சுமார் 159 டிகிரி. 30 டிகிரியில் பூட்டிய 30 மீட்டர் இரும்புக் குழாய் அந்தச் சூட்டில் ஏறக்குறைய 46 மி.மீ. நீளும். இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டிவிட்டால் எல்போ கிழியும், இல்லையேல் கிளாம்ப் பிடுங்கும். அதனால்தான் நடுவில் லூப் (நீள்வதற்கு இடம் கொடுக்கும் வளைவு). ஆவி போகும் திசையிலேயே வாட்டம் கொடுத்து, தாழ்ந்த இடத்தில் ட்ராப் (ஆவியை விடாமல் நீரை மட்டும் வெளியேற்றுவது) வைக்காவிட்டால், காலையில் வால்வைத் திறந்ததும் தேங்கிய நீர் சம்மட்டிபோல் இடிக்கும். பாய்லர் சட்டத்துக்கு உட்பட்ட லைனில் சான்று பெற்ற வெல்டர்தான் வெல்ட் போடலாம். நீங்கள் ஃபிட்-அப் (வெல்டுக்கு முன் பைப்பைப் பொருத்தி நிறுத்துவது) செய்து கொடுங்கள். ஆறு மாதம் கூலி குறைந்தாலும் போங்கள்.

அதற்கு மேல் டெல்டாவுக்குள் ஏணி குட்டை. பனங்குடியில் 1993-ல் தொடங்கிய பழைய சுத்திகரிப்பு ஆலை நின்றுவிட்டது; காரைக்கால் பக்கத்து எண்ணெய்க் கிணறுகள் என்று கொஞ்சம் உண்டு. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபின் அந்த மண்டலத்தில் புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறுகள் தோண்ட வழியில்லை. வயலுக்கு அது நல்லது என்றே நினைக்கிறேன். ஃபிட்டருக்கு மட்டும் பஸ் ஏற வேண்டியிருக்கிறது. முதல் பஸ் துவாக்குடிக்கு. திருச்சி பெல் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் ஒரு வருஷம் ஸ்பூல் வேலை பார்த்துவிட்டு, பிறகு சிங்கப்பூர் தேர்வு எழுதுங்கள்.

மூன்றரை லட்சம் பற்றி. பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு விதித்த உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். பயிற்சி, தேர்வு, விமானம் எல்லாம் வேறு கணக்கு என்பார். அப்படியானால் ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது கேளுங்கள். அவருடைய பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். வேலை ஒப்பந்தத்தில் பிளம்பர் என்று இருக்கிறதா, பைப் ஃபிட்டர் என்று இருக்கிறதா, வெறும் ஜெனரல் ஒர்க்கர் என்று இருக்கிறதா என்று படியுங்கள். இதெல்லாம் கையில் வரும்வரை அம்மாவின் நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

கடைசியாக ஒரு கணக்கு. 6 இன்ச் லைன், ஒரு முனையில் லாங் ரேடியஸ் 90 எல்போ, மறு முனையில் 150 கிளாஸ் வெல்ட் நெக் ஃபிளாஞ்ச் (பைப்போடு வெல்ட் செய்யக் கழுத்து உள்ளது). எல்போ மையத்திலிருந்து ஃபிளாஞ்ச் முகம்வரை 1500. எல்போவுக்கு 229, ஃபிளாஞ்ச் நீளம் 89. பார்க்காமல் போட்டு 1176 வந்தால் சரி. 1182 வந்தால் கேப்பை மறந்திருக்கிறீர்கள். 1265 வந்தால் ஃபிளாஞ்சையே மறந்திருக்கிறீர்கள்.