பேரிங் போச்சு என்றதும் டப்பை மாற்றச் சம்மதிக்காதீர்கள்

மேடவாக்கத்தில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். 7 கிலோ ஃப்ரண்ட் லோட் வாஷிங் மிஷின், வாங்கி 7 வருஷம் ஆகிறது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வரும் வீடு. இரண்டு மாதமாக ஸ்பின் ஓடும்போது பெரிய சத்தம், துணி சொட்டச் சொட்ட வெளியே வருகிறது, கறுப்புச் சட்டையில் வெள்ளைத் திட்டு, கதவைத் திறந்தால் ஊறல் நாற்றம். வந்த மெக்கானிக் ஒரு தடவை ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, "பேரிங் போச்சு, டப்பையே மாத்தணும், 11,000 ஆகும்" என்றாராம். மாற்றலாமா, இல்லை புதிதாக டாப் லோட் வாங்கிவிடலாமா என்று கேட்கிறார்.

இரண்டையும் இந்த வாரம் செய்யாதீர்கள். நீங்கள் சொன்ன நான்கு தொந்தரவில் பேரிங்கோடு சம்பந்தப்பட்டது சத்தம் ஒன்றுதான், அதுவும் உறுதி இல்லை. துணி ஈரமாக வருவது, வெள்ளைத் திட்டு, நாற்றம் மூன்றுக்கும் காரணம் தண்ணீர், சோப்புத் தூள், ஃபில்டர் அடைப்பு, துவைக்கும் பழக்கம் இவைதான். டப்பை (டிரம்மைச் சுற்றி இருக்கும் தண்ணீர்த் தொட்டியை) மாற்றினாலும் அந்த மூன்றும் அப்படியே இருக்கும், புது டப்பும் அதே வழியில்தான் போகும்.

முதலில் சத்தம். மிஷின் பிளக்கைக் கழற்றிவிட்டு, கதவைத் திறந்து, காலி டிரம்மைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். வழவழவென்று சுற்றினால் நல்லது. மணலில் உருள்வதுபோல் கரகரவென்று கைக்குத் தெரிந்தால் பேரிங் மேல் சந்தேகப்படலாம். (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராக டிரம்மைச் சுற்றும் டைரக்ட் டிரைவ் மிஷினாக இருந்தால் காந்தம் இழுத்து இழுத்து விடுவதுபோல் லேசாகத் தடைபட்டுச் சுற்றும், அது பழுது இல்லை.) அப்புறம் டிரம்மின் மேல் விளிம்பை உள்ளிருந்து பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டப் மொத்தமும் ஸ்பிரிங்கில் தொங்குவதால் எல்லாம் சேர்ந்து ஆடத்தான் செய்யும், அதைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. வெளியே இருக்கும் டப் அசையாமல் உள்ளே இருக்கும் ஸ்டீல் டிரம் மட்டும் தனியாக டக் டக்கென்று ஆடி, ரப்பருக்கும் டிரம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடிக் குறைகிறது என்றால்தான் பேரிங் தேய்ந்திருக்கிறது. இது ஐந்து நிமிஷ வேலை. உங்கள் மெக்கானிக் இதைச் செய்ததாக நீங்கள் எழுதவில்லை.

ஓடும்போது வரும் சத்தத்தின் தன்மையையும் கேளுங்கள். வேகம் கூடக் கூட மாவு மில் மாதிரி உறுமிக்கொண்டே ஏறினால் பேரிங். மெதுவாகச் சுற்றும்போதே எங்கோ தகரத்தில் ஆணி கீறுவதுபோல் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை கேட்டால், டிரம்முக்கும் டப்புக்கும் நடுவில் ஏதோ மாட்டியிருக்கிறது. ஸ்பின் தொடங்கும்போது தடதடவென்று மிஷினே நகர்ந்தால் லெவல், ஷாக் அப்சார்பர், அல்லது ஒற்றைக் கனத் துணி. ஒரு ஜமுக்காளத்தையோ கால்மிதியையோ மட்டும் தனியாகப் போட்டால் எந்த மிஷினும் ஆடும், கூட இரண்டு துண்டு சேர்த்துப் போடுங்கள். சக்கரம் வைத்த ஸ்டாண்டின் மேல் நிற்கிறதா? இறக்கிவிட்டு நேராகத் தரையில் வைத்து நான்கு காலையும் திருகிச் சமன் செய்யுங்கள்.

சில வருஷங்களுக்கு முன்பு பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு வீட்டில் இதே தீர்ப்பு, பேரிங் போச்சு, டப் மாற்ற வேண்டும். அந்த அம்மா பாதிப் பணம் முன்கூட்டியே கொடுக்கத் தயாராக இருந்தார். நான் டிரம்மைத் தூக்கிப் பார்த்தேன், ஆட்டமே இல்லை. தண்ணீரைச் சூடாக்கும் ஹீட்டரைக் கழற்றினால் அந்த ஓட்டை வழியாக டப்பின் அடிப்பகுதி தெரியும். டார்ச் அடித்துப் பார்த்தபோது வளைந்த ஹேர்பின் ஒன்று, ஜாக்கெட் கொக்கி இரண்டு, புடவையில் குத்தும் ஊக்கு ஒன்று. நீள மூக்குக் குறடால் எடுத்துவிட்டேன், சத்தம் போய்விட்டது. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது கையில் இருந்த அந்த ஹீட்டர்தான். கம்பி தெரியவில்லை, சுற்றிலும் வெள்ளையாக என் சுண்டு விரல் கனத்துக்கு உப்பு இறுகியிருந்தது, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டினால் பழைய வீட்டுச் சுவரில் காரை பெயர்வதுபோல் துண்டு துண்டாக விழுந்தது. நாளைக்கு வெடிக்க இருந்த ஹீட்டர் அது. கம்பி உறையில் விரிசல் விட்டால் மின்சாரம் தண்ணீரில் இறங்கும், வீட்டில் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் டிரிப் ஆகும், இல்லாத வீட்டில் தொட்டவருக்கு ஷாக். மிஷினைத் தொடும்போது லேசாகச் சுர்ரென்று இருந்தால்கூட அன்றோடு நிறுத்திவிட்டு எர்த்தையும் ஹீட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள், இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கூடாது.

சரி, துணி ஏன் சொட்டுகிறது? தண்ணீர் முழுதாக வெளியேறாவிட்டால் மிஷின் வேகமான ஸ்பின்னுக்குப் போகாது. எல்ஜியில் ‘ஓஇ’, சாம்சங்கில் ‘5இ’ அல்லது ‘5சி’, பாஷில் ‘இ18’ என்று காட்டினால் எல்லாம் ஒரே செய்திதான், தண்ணீர் போகவில்லை. முன்பக்கம் கீழே மூலையில் சின்ன மூடி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடான வாஷ் முடிந்த கையோடு திறக்காமல், ஒரு தட்டையான தட்டும் பழைய துண்டும் வைத்துக்கொண்டு ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகி எடுங்கள். சில்லறைக் காசு, முடிக்கற்றை, ரப்பர் பேண்ட், கசங்கிய டிஷ்யூ என்று என்னென்னவோ வரும். எடுத்ததும் விட்டுவிடாமல் ஓட்டைக்குள் டார்ச் அடித்து, பம்ப்பின் சின்ன விசிறியை ஒரு குச்சியால் தள்ளிப் பாருங்கள், விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். அதில் முடி சுற்றியிருப்பதைப் பலரும் பார்ப்பதே இல்லை. பின்பக்க டிரெயின் குழாய் சுவரோடு நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். குழாயின் வாய் தரையிலிருந்து பொதுவாக 60 முதல் 100 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். தரையிலேயே போட்டுவைத்தால் ஏற ஏறத் தண்ணீர் தானாக ஒழுகிப் போய்க்கொண்டே இருக்கும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் ஈரமாகவே வந்தால் நுரையைச் சந்தேகப்படுங்கள். உள்ளே நுரை நிறைந்தால் டிரம் வேகமெடுக்க முடியாது, மிஷின் ஸ்பின்னைக் குறைத்துக்கொள்ளும் அல்லது மறுபடி அலசப் போகும். கைக்குத் துவைக்கும் தூளைப் போடுகிறீர்களா? அதை ஃப்ரண்ட் லோடில் போடவே கூடாது. ஃப்ரண்ட் லோட் மேட்டிக் என்று போட்டிருப்பதை மட்டும் வாங்குங்கள். அளவுக்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: துவைப்பு பாதியில் கண்ணாடி வழியாகப் பாருங்கள், கீழ்ப்பக்கம் கொஞ்சம் நுரை தெரிந்தால் சரி, கண்ணாடி முழுக்க வெள்ளையாக அடைத்தால் அடுத்த தடவை கால் பங்கு குறையுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உப்புத் தண்ணீரில் தூளைக் குறைத்துக்கொண்டே போனாலும் ஆகாது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிச்சம்தான் அழுக்கை எடுக்கும். அழுக்கு போகாமல், சோப்பும் உப்பும் சேர்ந்த பிசுக்கு துணியில் தங்குவதுதான் உங்கள் கறுப்புச் சட்டையின் வெள்ளைத் திட்டு. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு தண்ணீர் இல்லை என்றால் 600 வரை. உங்கள் அசோசியேஷனில் தண்ணீர் டெஸ்ட் ரிப்போர்ட் இருந்தால் டிடிஎஸ் (கரைந்திருக்கும் மொத்த உப்புகள்) எண்ணைப் பார்க்காமல் மொத்தக் கடினத்தன்மை என்ற வரியைப் பாருங்கள், மிஷினுக்கு அதுதான் முக்கியம். குழாயில் மாட்டும் சின்ன ஃபில்டர் விற்கிறார்களே, பெரும்பாலும் அதற்குள் இருப்பது பாலிபாஸ்பேட் உருண்டைகள். ஹீட்டரில் உப்பு இறுகுவதை அது மட்டுப்படுத்தும், தண்ணீரை மென்மையாக்காது. உண்மையிலேயே மென்மையாக்குவது ரெசின் போட்ட, கல் உப்பால் அவ்வப்போது அலசிவிடும் சாஃப்ட்னர்தான். ஒரு வீட்டுக்குத் தனியாகச் செலவு அதிகம், அடுக்குமாடி முழுக்கச் சேர்ந்து போட்டால் கீசரும் குழாயும்கூடத் தப்பிக்கும்.

இப்போதைக்கு நீங்கள் செய்யக்கூடியது: மளிகைக் கடையில் லெமன் சால்ட் அல்லது சிட்ரிக் ஆசிட் என்று கேட்டு 100 கிராம் வாங்கி, காலி டிரம்முக்குள் போட்டு, துணியும் சோப்பும் இல்லாமல் 60 டிகிரியில் ஒரு முழுச் சுற்று ஓடவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும், வாரா வாரம் போட்டால் உள்ளே இருக்கும் அலுமினியப் பாகத்தை அமிலம் தின்னும். அதே நாளில் பிளீச்சிங் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஓடவிட்ட பிறகு ஃபில்டரை மறுபடி திறந்தால் வெள்ளைச் சில்லுகள் வந்திருக்கும், அதைப் பார்த்தால் நான் ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்று புரியும்.

நாற்றம் எளிது. கதவு ரப்பரின் கீழ் மடிப்பை விரலால் விரித்துத் துடையுங்கள், கறுப்பாக வழுவழுப்பாக வரும். எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைப்பதும், முடிந்ததும் கதவை இறுக மூடிவைப்பதும், கம்ஃபர்ட் மாதிரி வாசனைத் திரவத்தை அள்ளி ஊற்றுவதும்தான் காரணம். மாதம் ஒரு தடவை சூட்டில் ஓடவிடுங்கள், கதவையும் சோப்புத் தட்டையும் திறந்தே வையுங்கள். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் கதவை விரல் அளவுக்கு மட்டும் திறந்து, டிரம்முக்குள் ஏற முடியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு டிரம் கையில் தனியாக ஆடுகிறது என்றால், ஆமாம், பேரிங்தான். டப்பின் முதுகில் இரண்டு பேரிங்கும் அவற்றைக் காக்கும் ஒரு ஆயில் சீலும் இருக்கின்றன. உப்பும் சோப்பும் சீலைத் தேய்க்க, தண்ணீர் கசிந்து கிரீஸைக் கழுவ, பேரிங் துருப்பிடிக்கும். மிஷினின் பின் மூடியைக் கழற்றினால் நடுவிலிருந்து கீழே பழுப்புக் கோடு இறங்கியிருக்கும், மெக்கானிக்கை அதைக் காட்டச் சொல்லுங்கள். அடுத்த கேள்வி டப் எப்படிப்பட்டது என்பது. சுற்றிலும் ஸ்க்ரூ போட்ட டப் என்றால் பிரித்து பேரிங்கும் சீலும் மட்டும் மாற்றலாம், பல மாடல்களுக்கு 6205, 6206 என்று எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும் அளவுதான், செலவு நீங்கள் சொன்ன தொகையில் பாதிகூட ஆகக் கூடாது. மாற்றினால் சீலைக் கட்டாயம் புதிதாகப் போட வேண்டும், பழைய சீலோடு புது பேரிங் போடுவது வீண். ஒட்டி வெல்ட் செய்த டப் என்றால் மெக்கானிக் சொன்னது உண்மை, முழுதாகத்தான் மாற்ற வேண்டும். பிரிக்கும்போது டிரம்மின் பின்னால் மூன்று கை நீட்டிய அலுமினிய ஸ்பைடரையும் பார்க்கச் சொல்லுங்கள், அது அரித்துப் பொத்தலாகியிருந்தால் பேரிங் மாற்றியும் பிரயோஜனமில்லை. மோட்டாருக்கு 10 வருஷ வாரன்டி என்று அட்டையில் இருப்பதை நம்பிக் கேட்காதீர்கள், அது மோட்டாருக்கு மட்டும், பேரிங் அதில் வராது.

புது 7 கிலோ ஃப்ரண்ட் லோட் மிஷின் இந்தத் தொகையைவிட நிறையவே அதிகம். வெல்ட் டப், ஸ்பைடரும் அரிப்பு, மிஷினின் எலக்ட்ரானிக் போர்டும் ஏற்கனவே ஒரு தடவை பழுது என்றால் 7 வருஷ மிஷினில் 11,000 போட நான் சொல்ல மாட்டேன். மற்றது நன்றாக இருந்தால் போடலாம். டாப் லோடுக்கு மாறுவது உங்கள் விருப்பம், ஆனால் அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தண்ணீர் இழுக்கும், 2019 கோடையில் லாரிக்குக் காத்திருந்தது உங்களுக்கே நினைவிருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஃபில்டர், டிரம் ஆட்டம், சிட்ரிக் ஆசிட் மூன்றையும் முடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். டிரம் ஆடினால், மாடல் எண்ணும் பின் மூடி கழற்றிய படமும் சேர்த்து அனுப்புங்கள், டப் ஸ்க்ரூ போட்டதா வெல்டா என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை அந்த மெக்கானிக்குக் கையில் பணம் கொடுக்க வேண்டாம்.