கூரியர் தேர்வு: சிறு வியாபாரிகள் கேட்டவையும் பதில்களும்

காஞ்சிபுரம், ஆன்லைன் புடவை விற்பனை: அண்ணா, மாசம் 60 பார்சல் போகுது. எஸ்.டி கூரியர், ப்ரொஃபஷனல், டி.டி.டி.சி, டெல்லிவரி, ஸ்பீடு போஸ்ட்னு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எது பெஸ்ட்? ஒரே பேரா சொல்லுங்க.

ஒரே பேராகச் சொன்னால் உங்களுக்குத்தான் நஷ்டம், தங்கச்சி. கூரியர் கிளைகள் பெரும்பாலும் ஃபிரான்சைஸ் முறையில் ஓடுகின்றன. உங்களிடம் புக்கிங் எடுப்பவர் ஒருவர். தேனியில் வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பவர் வேறொருவர். உங்கள் ஊர்க் கிளை எவ்வளவு நன்றாக இருந்தாலும், அந்தப் பக்கத்துக் கிளை சரியில்லை என்றால் பார்சல் மூன்று நாள் மூலையில் கிடக்கும்.

அதனால் முதலில் கடந்த மூன்று மாத ஆர்டர்களை எடுத்து, பின்கோடின் முதல் மூன்று எண்களை வைத்துப் பிரியுங்கள். 600 சென்னை, 641 கோவைப் பக்கம், 625 மதுரைப் பக்கம், 560 பெங்களூரு. உங்கள் பார்சலில் பெரும்பகுதி நாலைந்து தொகுப்புக்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு தொகுப்புக்கும் இரண்டு கூரியரை எடுத்து, ஒன்று விட்டு ஒன்றாக மாற்றி மாற்றி அனுப்புங்கள். ஒரே பேக்கிங், ஒரே நேரத்தில் புக்கிங். ஒவ்வொன்றிலும் 20 பார்சலாவது போக வேண்டும். ஐந்தாறு பார்சலை வைத்து முடிவெடுத்தால் அது வெறும் அதிர்ஷ்டக் கணக்கு. கடைசியில் சென்னைக்கு ஒருவர், கிராமங்களுக்கு ஸ்பீடு போஸ்ட், வெளிமாநிலத்துக்கு இன்னொருவர் என்று அமையலாம். அப்படி அமைவதே நல்லது. ஒருவர் கைவிட்டாலும் வியாபாரம் நிற்காது.

அதே ஊர், வேறொருவர்: புடவை 800 கிராம்தான். பில்லில் ஒன்றரை கிலோ போடுகிறார்களே, இது ஏமாற்று இல்லையா?

பெட்டியில் அனுப்புகிறீர்களா? அப்படியானால் பெரும்பாலும் ஏமாற்று இல்லை, கன அளவு எடைக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000 ஆல் வகுப்பார்கள். வருவதையும் தராசு எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம். 38 × 28 × 6 பெட்டி என்றால் 6384, வகுத்தால் 1.28 கிலோ. கட்டணத்தை அரை கிலோ படிகளாக (ஸ்லாப்) உயர்த்திக் கணக்கிடுவதால் அது 1.5 ஆகிவிடும். அதே புடவையை அட்டை வைத்து மடித்து, 36 × 26 × 4 அளவில் கூரியர் கவரில் போட்டால் 0.75 கிலோதான் வரும். தராசில் 800 கிராமுக்கு மேல் இருந்தாலும் 1 கிலோ ஸ்லாப்பைத் தாண்டாது. பட்டுப்புடவைக்குப் பெட்டி கட்டாயம் வேண்டுமென்றால் உயரத்தைக் குறையுங்கள். 4 சென்டிமீட்டர் உயரம் என்றால் அதே பெட்டி 0.85 கிலோ. சில நிறுவனங்கள் 5000க்குப் பதிலாக வேறு எண்ணால் வகுக்கும். ரேட் கார்டு வாங்கும்போதே அதை எழுத்தில் கேளுங்கள்.

கரூர், பெட்ஷீட், தலையணை உறை: ரேட் கார்டில் பார்த்த விலைக்கும் மாதக் கடைசி பில்லுக்கும் சம்பந்தமே இல்லை. எங்கே போகிறது காசு?

ரேட் கார்டில் இருப்பது வெறும் அடிப்படைக் கட்டணம். அதன்மேல் ஃப்யூயல் சர்சார்ஜ் (எரிபொருளுக்கான கூடுதல் கட்டணம்), தொலைதூரப் பின்கோடு கட்டணம், சி.ஓ.டி (பொருளைக் கொடுக்கும்போது பணம் வாங்கும் முறை) கட்டணம், எல்லாம் சேர்ந்த தொகைக்கு 18% ஜி.எஸ்.டி. ஜி.எஸ்.டி பதிவு உள்ளவர்களுக்கு அந்த வரி உள்ளீட்டு வரியாகத் திரும்பும், அதாவது கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவர்களுக்கு அது முழுச் செலவு. ஆகவே இரண்டு பேரை ஒப்பிடும்போது, உங்கள் வழக்கமான பார்சல் ஒன்றின் அளவு, எடை, பின்கோடு மூன்றையும் கொடுத்து, "வரியோடு கையிலிருந்து எவ்வளவு போகும்" என்று கேளுங்கள். எவ்வளவு குறைத்தார்கள் என்ற சதவீதப் பேச்சை நம்ப வேண்டாம்.

மீதிக் காசு எடைத் தகராறில் போகும். ஹப்பில் (பார்சல்களைப் பிரிக்கும் மையத்தில்) இயந்திரம் அளக்கும்போது உப்பியிருக்கும் கவர் கூடுதல் உயரம் காட்டும். துணிக் கவரில் காற்றை அழுத்தி எடுத்து ஒட்டுங்கள். ஒவ்வொரு புது அளவுப் பார்சலுக்கும் நான்கு படம் வைத்துக்கொள்ளுங்கள்: தராசின் எண் தெரிய ஒன்று, நீளம், அகலம், உயரத்தில் டேப் வைத்து மூன்று. நான்கிலும் ஏ.டபிள்யூ.பி எண் (ஒவ்வொரு பார்சலுக்கும் கூரியர் தரும் கண்காணிப்பு எண்) உள்ள லேபிள் தெரிய வேண்டும். லேபிள் தெரியாத படத்தைத் தள்ளிவிடுவார்கள். மறுப்புச் சொல்லச் சில நாள் அவகாசம்தான் இருக்கும். தாண்டினால் அவர்கள் போட்ட எடையே இறுதி. வாரம் ஒருநாள் இதற்கென்றே உட்காருங்கள்.

சென்னை, குழந்தைகள் உடை: சி.ஓ.டி கொடுத்தால் ஆர்டர் கூடுகிறது. திரும்பி வருவதும் கூடுகிறது. நிறுத்திவிடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு, போக 70 ரூபாய், திரும்பி வர 60 ரூபாய். 100 சி.ஓ.டி-யில் 20 திரும்பினால் 2600 ரூபாய் போச்சு. மீதி 80 பார்சலும் தலைக்கு 32 ரூபாய் 50 காசு சுமக்கின்றன. அதோடு, திரும்பி வரும்வரை சரக்கு விற்பனைக்கு இல்லை. உங்கள் லாபம் இதைத் தாங்குமா என்பதைப் பொறுத்து முடிவு.

நிறுத்துவதற்கு முன் இரண்டு வேலை செய்யுங்கள். புக்கிங்குக்கு முன் வாட்ஸ்அப்பில் முகவரியை உறுதி செய்யச் சொல்லுங்கள். பதில் வராத ஆர்டரை அனுப்பவே வேண்டாம். போக வரும் கட்டணத்துக்கு ஈடாக 100 அல்லது 150 ரூபாய் முன்பணம் வாங்கி, மீதியை மட்டும் சி.ஓ.டி போடுங்கள். வேண்டாத ஆர்டர் அங்கேயே கழன்றுவிடும். டெலிவரி ஆன எத்தனையாம் நாள் பணம் வரும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். சிறு வியாபாரிக்கு அது கைமுதல்.

மதுரை, கைவினைப் பொருட்கள்: "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று போட்டிருக்கிறார்கள். அவரோ, யாரும் வரவில்லை, போனும் வரவில்லை என்கிறார். என்ன செய்வது?

அன்று மாலைக்குள் புகார் போடுங்கள். வாடிக்கையாளரின் போனில் அன்றைய கால் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லி இணையுங்கள். மறுநாள் எந்த நேரத்தில் வர வேண்டும், மாற்று எண் என்ன என்பதையும் அதே புகாரில் எழுதுங்கள். "டெலிவரி செய்யவும்" என்று மட்டும் எழுதினால் ஒன்றும் நகராது. முடிந்தால் டெலிவரி கிளைக்கே பேசுங்கள். பொதுவாக மூன்று முயற்சிக்குப் பிறகு பார்சல் திரும்பிவிடும், அதனால் முதல் பொய் முயற்சியையே பிடிப்பது முக்கியம். ஒரே பின்கோடில் இது அடிக்கடி நடந்தால் அந்தப் பின்கோடை மட்டும் வேறு கூரியருக்கு மாற்றுங்கள்.

திண்டுக்கல், ஊறுகாய், பொடி, எண்ணெய்: எண்ணெய் கசிந்து அடுத்தவர் பார்சலையும் கெடுத்துவிட்டது என்று கூரியர்காரர் சண்டை போடுகிறார்.

அவர் சண்டை போடுவது நியாயம்தான் அக்கா. மூடியை இறுக்கினால் மட்டும் போதாது, வாயில் அலுமினிய ஃபாயில் சீல் வேண்டும். பாட்டிலை முழுதும் நிரப்பாமல் கழுத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். வெயிலில் வேன் சூடாகும்போது எண்ணெய் விரியும். ஒவ்வொரு பாட்டிலும் தனித்தனி ஜிப் கவருக்குள், அதன்மேல் பபுள் ரேப், எண்ணெய் உறிஞ்சப் பழைய செய்தித்தாள். 5 கிலோவுக்கு மேல் போனால் 5 பிளை (ஐந்து அடுக்கு) அட்டைப்பெட்டி. கண்ணாடி பாட்டில்கள் ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவில் அட்டைத் தடுப்பு. பேக் செய்ததை இடுப்பு உயரத்திலிருந்து மூலை, விளிம்பு, அடிப்பக்கம் என்று போட்டுப் பாருங்கள். அதில் தப்பினால் அனுப்பலாம். முகவரிச் சீட்டு ஒன்றைப் பெட்டிக்குள்ளும் போடுங்கள். மேல் லேபிள் எண்ணெயில் ஊறிக் கிழிந்தாலும் பார்சல் அநாதையாகாது.

தென்காசி, பூஜைப் பொருட்கள்: கற்பூரம் சேர்த்து அனுப்பலாமா?

விமானத்தில் போகும் சேவையில் வேண்டாம். கற்பூரம் தீப்பற்றும் பொருள் பட்டியலில் இருக்கிறது. கொப்பரை, வாசனைத் திரவியம், பவர் பேங்க் ஆகியவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. "பூஜை சாமான்" என்று பொதுவாக எழுதி உள்ளே வைத்து அனுப்பி ஸ்கேனிங்கில் பிடிபட்டால், முழுப் பார்சலும் நிற்கும். தரைவழிச் சேவை எடுப்பதாக இருந்தாலும், உள்ளே இருப்பதைச் சொல்லி, ஏற்பார்களா என்று கேட்ட பிறகு அனுப்புங்கள்.

சேலம், வெள்ளிக் கொலுசு: கூகுள் ரிவ்யூவை எவ்வளவு நம்பலாம்?

நட்சத்திரச் சராசரியை விட்டுவிடுங்கள். டெலிவரி செய்யும் கிளையின் பக்கத்தைத் திறந்து, புதியவை முதலில் என்று அடுக்கி, கடைசி ஆறு மாதத்தை மட்டும் படியுங்கள். "போன் எடுப்பதில்லை", "நேரில் வந்து வாங்கச் சொன்னார்கள்" என்று ஒரே புகார் பலரிடமிருந்து வந்தால் அது உண்மை. ஒரே வாரத்தில் வரிசையாக, ஒரு வார்த்தை மட்டும் எழுதிய ஐந்து நட்சத்திரங்கள் வந்திருந்தால் ஒதுக்குங்கள். எழுதுகிறவர்களில் பலர் பார்சல் பெறுகிறவர்கள். பில் சரியாக வருகிறதா, இழப்பீடு தருகிறார்களா என்பது அவர்களுக்குத் தெரியாது.

உங்களுக்கு முக்கியமான கேள்வியே வேறு: வெள்ளியை ஏற்பார்களா? விலையுயர்ந்த உலோகத்தைப் பல கூரியர்கள் விதியிலேயே விலக்கியிருக்கும். கவுன்டரில் வாங்கிக்கொள்வார்கள், தொலைந்தால் விதியைக் காட்டுவார்கள். ரசீதின் பின்பக்கச் சிறு எழுத்தில் பொறுப்பு வரம்பு இருக்கும். காப்பீடு எடுக்காத பார்சலுக்கு அது மிகச் சிறிய தொகை. ஓனர் ரிஸ்க்கா (நஷ்டம் உங்கள் பொறுப்பு), கேரியர் ரிஸ்க்கா (நஷ்டம் கூரியர் பொறுப்பு) என்று கேட்டு, மதிப்பை இன்வாய்ஸோடு அறிவித்து, அதற்கான கட்டணத்தைக் கட்டி அனுப்புங்கள். புகார் தருவதற்கான கெடுவையும் அதே ரசீதில் பாருங்கள். பெட்டியைத் திறக்கும் முன்பே வீடியோ எடுக்க ஆரம்பிக்க வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவையுங்கள்.

திருப்பூர், பனியன்: 30 கிலோ பண்டலுக்கும் கூரியர்தானா?

வேண்டாம். லாரி பார்சல் சர்வீஸில் போடுங்கள். டு-பே (கட்டணத்தைப் பெறுகிறவர் கட்டுவது), பெய்டு (அனுப்புகிறவர் முன்பே கட்டுவது) எது என்று எல்.ஆர் எனும் லாரி ரசீதில் தெளிவாக இருக்கட்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி, வீட்டு டெலிவரி மூன்றும் யார் தலையில் என்று முன்பே பேசுங்கள். மழைக்காலத்தில் சாக்குக்கு உள்ளே பாலிதீன் உறை கட்டாயம். சரக்கு மதிப்பு வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாயையும், தமிழ்நாட்டுக்குள் 1 லட்சத்தையும் தாண்டினால் இ-வே பில் (ஜி.எஸ்.டி தளத்தில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்து ஆவணம்) வேண்டும்.

ஈரோடு, மஞ்சள், மசாலா: மாதாமாதம் எதையெல்லாம் எழுதிவைத்தால் கூரியரை எடைபோட முடியும்?

ஒரு எக்செல் தாள் போதும். ஏ.டபிள்யூ.பி எண், பின்கோடு, எடுத்துச் சென்ற நாள், முதல் முயற்சி நாள், டெலிவரி நாள், நம் எடை, பில் எடை, சேதம், திரும்பியதா. லேபிள் போட்ட நாளை எழுதாதீர்கள், உண்மையில் எடுத்துப் போன நாளை எழுதுங்கள். பலரும் இங்கேதான் தடுமாறிக் கூரியரைத் தவறாக மதிப்பிடுகிறார்கள். சராசரி நாளைவிட, எத்தனை பார்சல் ஐந்து நாளைத் தாண்டியது என்று பாருங்கள். கோபப்பட்டு இனி வாங்காமல் போவது அந்தச் சிலர்தான். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தைத் தனியாக வையுங்கள். அப்போது எல்லோருமே தாமதிப்பார்கள், யார் குறைவாகத் தாமதிக்கிறார் என்பதே கணக்கு. இந்தத் தாளோடு கிளை மேலாளரிடம் போனால் ரேட் பேசுவதும் சுலபம். எந்தப் பின்கோடுகளை அவருக்குத் தரலாம், எதைத் தர முடியாது என்று எண்ணைக் காட்டியே பேசலாம்.