மணல் கியூப் கணக்கை முதலில் பாருங்கள்

வணக்கம். திருகோணமலை நிலாவெளியில் நீங்கள் கட்டும் இரண்டு மாடி விடுதிக்குச் செலவையும் திகதியையும் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் மணல் செலவை மூன்று மடங்காகக் காட்டுகிறது, வேலை நவம்பர் கடைசியில் முடியும் என்கிறது, நம்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் இப்போதைக்கு நம்ப வேண்டாம்.

மணலை நாங்கள் கியூப்பில் வாங்குகிறோம். ஒரு கியூப் 100 கன அடி, அதாவது ஏறத்தாழ 2.83 கன மீட்டர். வரைபடத்திலிருந்து மென்பொருள் எடுக்கும் அளவு கன மீட்டரில் இருக்கும். ஒரு கியூப்பின் விலையை ஒரு கன மீட்டரின் விலையாகப் பதிந்திருந்தால் செலவு கிட்டத்தட்ட மூன்று மடங்காகத்தான் வரும். கருங்கல்லுக்கும் இதே சிக்கல் இருக்கும், அதையும் பாருங்கள்.

அப்புறம் திகதி. மென்பொருளின் செயற்கை நுண்ணறிவு பழைய பதிவுகளில் உள்ள வேலை வேகத்தை வைத்துத்தான் கணிக்கிறது. நீங்கள் கொடுத்திருப்பது மே முதல் ஆகஸ்ட் வரையான வெயில் காலப் பதிவு மட்டும். திருகோணமலையில் நவம்பர், டிசம்பரில்தான் மழை கொட்டும் என்பது அதற்கு எப்படித் தெரியும்? பழைய வேலைகளின் மாரிகாலப் பதிவையும் ஏற்றுங்கள். வேலை நின்ற நாட்களை வெறுமையாக விடாமல் ‘மழை’ என்று காரணம் எழுதுங்கள். உப்புவெளியில் செய்த வேலையில் நான் அதை வெறுமையாக விட்டேன். மேசன்மாரின் வேகம் குறைவு என்று அறிக்கை வந்தது. நனைந்துகொண்டு உழைத்தவர்களுக்கு அது பெரிய அநியாயம்.

அலகைத் திருத்தியதும் மணல் கணக்கை மட்டும் மென்பொருளில் திரும்ப ஓட்டிப் பாருங்கள். வரும் எண்ணை இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.